ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஆபீஸ்

நெல்லைக்காரங்களுக்கு சுலோச்சன முதலியார் பாலத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் மக்களுக்காக ஒரு வரி: கலெக்டர் கச்சேரியில சிரஸ்தாராக இருந்த முதலியார், சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல தாமிரபரணி மேல கட்டி முடிச்ச பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸ். இந்தப் பக்கம் எஸ்.என். ஹைரோட்டுல மாநகராட்சி ஆபீஸ். பைக்ல போனா சட்டுனு போயிரலாம். ஆனா வீடில்லாதவங்களுக்கு அது எவ்வளவு தூரம்னு 2023 வெள்ளத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடைத் திண்ணையில ஒரு ஆச்சி படுத்திருப்பாங்க. வயசு எழுபதுக்கு மேல. விடிகாலைல ஒரு ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற வேலை. அந்த டிசம்பர் 17, 18-ல ஆறு பொங்கி கலெக்டர் ஆபீஸுக்குள்ளயே தண்ணி போயிருச்சு. அப்ப ஆச்சியையும் யாரோ கூட்டிட்டுப் போயி முகாம்ல சேர்த்துட்டாங்க. சாப்பாடு, பாய், போர்வை எல்லாம் கிடைச்சுது. நீ எந்த ஊரு, கார்டு இருக்கான்னு வாசல்ல நிறுத்தி யாரும் கேக்கலை.

தண்ணி வடிஞ்சுது. ஆச்சி மறுபடி திண்ணைக்கு வந்துட்டாங்க. அரசாங்கம் நிவாரணம் அறிவிச்சுது. அதிகம் பாதிச்ச இடங்களுக்கு 6,000 ரூபாய், மத்த இடங்களுக்கு 1,000. கொடுத்தது ரேஷன் கார்டுக்கு. ஆச்சிகிட்ட கார்டு இல்லை, ஒண்ணும் கிடைக்கலை.

சரி, முதியோர் பென்ஷனாவது வாங்கிக் கொடுப்போம்னு நானும் ஒரு நண்பரும் கிளம்பினோம். அப்ப மாசம் 1,200 ரூபாய். ஆச்சி சிரிச்சாங்க. "விலாசம் கேப்பாவல்லாய்யா, எந்த விலாசத்தச் சொல்ல?"

அதேதான் நடந்துச்சு. பென்ஷன் வருவாய்த்துறை வேலை. ஒரு ஆபீஸ்ல எந்தத் தெரு, கதவு நம்பர் என்னன்னு கேட்டாங்க. ரோட்டுல படுக்குறவங்கன்னா அது மாநகராட்சி விஷயம்னு சொன்னாங்க. மாநகராட்சி பக்கம் போனா, காப்பகத்துல சேர்க்கலாம், பென்ஷன் எங்க வேலை இல்லைன்னு பதில். ரெண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

இத்தனைக்கும் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேணும்னு 2010-லயே சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு. 2011 கணக்குப்படி நெல்லை மாநகராட்சியில 4.73 லட்சம் பேர். அப்ப நாலாவது வேணும். 2013-ல ஆரம்பிச்ச தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தோட வழிகாட்டுதல், ஒரு காப்பகத்துல குறைஞ்சது 50 பேருக்கு இடம், 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு சொல்லுச்சு. அங்க தங்குறவங்களுக்கு அடையாள அட்டை, பென்ஷன், ரேஷன் கிடைக்க வழி பண்ணணும்னும் சொல்லுச்சு. அதாவது காப்பகம் வெறும் படுக்குற இடம் இல்லை, அதுதான் விலாசம். மனநலம் பாதிச்சு ரோட்டுல திரியுறவங்களைப் பாதுகாப்புல எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகணும்னு 2017 சட்டம் போலீசுக்குச் சொல்லுது. தேர்தல் கமிஷன் இன்னும் ஒரு படி மேல. வீடில்லாதவங்க ஓட்டுக்கு விண்ணப்பிச்சா விலாசச் சான்று கேக்கக் கூடாது. அதிகாரி ராத்திரி நேரத்துல போயி, அவங்க அங்கதான் தூங்குறாங்களான்னு ஒண்ணுக்கு மேல தடவை பாத்துட்டு வந்தாப் போதும்!

ஓட்டுக்காக ராத்திரில திண்ணையைத் தேடி வர முடியும்னா பென்ஷனுக்கு ஏன் முடியாது?

கடைசில எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கறீங்களா? சுகாதார மேஸ்திரி ஒருத்தர், அந்த வார்டுல தினம் ஆச்சியைப் பாக்குறவர், ஒரு வி.ஏ.ஓ.வுக்கு போன் போட்டார். "அண்ணாச்சி, இந்த அம்மா பல வருஷமா இங்கதான் இருக்காவ. காப்பக விலாசத்தைப் போட்டுக்கிடலாமா?" மூணு நிமிஷப் பேச்சு. ஆச்சி காப்பகத்துல சேர்ந்தாங்க, ஆதார்ல அந்த விலாசம் ஏறுச்சு, 2024 ஆடி மாசம் முதல் பென்ஷன் வந்துச்சு. அந்த ரெண்டு பேருக்கும் இப்படிச் செய்யுங்கன்னு மேல இருந்து எந்த உத்தரவும் வரலை. ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே பழக்கம், அவ்வளவுதான். பழக்கம் இல்லாம இருந்திருந்தா?

வெள்ளம்னா 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கு. மாவட்ட அளவுல கலெக்டர் தலைமையில எஸ்.பி., சுகாதார அதிகாரி, உள்ளாட்சிப் பிரதிநிதி எல்லாரும் ஒரே மேசையில உக்காரணும். அதனாலதான் அந்த டிசம்பர்ல ஆச்சிக்கு ஒரு பாயும் போர்வையும் கேள்வி இல்லாம கிடைச்சுது. மழை இல்லாத நாள்ல அந்த மேசை இல்லை.

பெருசா ஒண்ணும் கேக்கலை. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்குதுல்ல? அதுல மாசம் ஒரு தடவை, வீடில்லாதவங்களுக்குன்னு ஒரு மேசை போட்டு, மாநகராட்சி ஆள் ஒருத்தர், தாசில்தார் ஆபீஸ் ஆள் ஒருத்தர், ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தர்னு பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சாப் போதும். அந்த மூணு நிமிஷப் பேச்சு அங்கயே நடந்துரும்.

அதுவரைக்கும் நம்ம வேலை ஒண்ணு இருக்கு. உங்க ஊர்ல காப்பகம் எந்தத் தெருவுல இருக்கு, எத்தனை பேர் தங்கலாம்னு விசாரிச்சு வச்சுக்குங்க மக்கா. அடுத்த தடவை ஒரு திண்ணையைக் கடந்து போறப்ப, கையில அந்த விலாசமாவது இருக்கும்.