காணுமட்டும்

யாழ்ப்பாணத்தில் நாம் சமையற்கட்டைக் குசினி என்கிறோம். இத்தாலியர் அதனைக் குச்சீனா என்பர். நமது பாண் அவர்களுக்குப் பானே. நமது போறணை அவர்களுக்கு ஃபோர்னோ. இச்சொற்கள் நமக்குப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. இத்தாலியருக்கோ இலத்தீனிலிருந்து வந்த முதுசம். 1992ஆம் ஆண்டு வீட்டுப்பணி தேடிச் சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோவுக்குச் சென்றபோது, அந்நாட்டு மொழியில் ஒரு வாக்கியமேனும் அறியாத எனக்கு இம்மூன்று சொற்களுமே துணையாயின.

பலேர்மோவில் நம்மவர் பலர் அப்பொழுதே குடியேறியிருந்தனர். ஞாயிறு தோறும் பெல்லெக்ரினோ மலை ஏறிச் சாந்தா ரொசாலியா என்னும் புனிதையின் குகைக் கோயிலில் விளக்கேற்றி வருவது, சைவர் கிறிஸ்தவர் என்ற வேற்றுமையின்றி அவர்களிடையே வழக்கமாயிற்று. எனக்கு வேலை கிடைத்தது நகரின் பழைய பகுதியில், கணவரை இழந்து தனித்து வாழ்ந்த ஒரு மூதாட்டியின் இல்லத்தில். அவரைச் 'சிஞ்ஞோரா' என்றே அழைப்பேன். அவர் என்னைப் 'பிள்ளை' என்பார். நிலம் துடைப்பதும் துணி தோய்ப்பதும் என் பொறுப்பு. போறணையின் அருகில் மட்டும் அவர் எவரையும் அண்டவிடுவதில்லை.

நத்தார் நெருங்கும்போது சிசிலியில் வீடுதோறும் 'புச்செல்லாத்தி' என்னும் உள்ளீடு வைத்த விசுக்கோத்துச் சுடுவார்கள். பழைய உரோமானியர் தங்கள் போர்வீரருக்குக் கொடுத்த காய்ந்த பாணின் பெயரிலிருந்து வந்தது இப்பெயர். பலேர்மோ வழக்கில் அதனுள் உலர்ந்த அத்திப்பழமே முதன்மை. சிஞ்ஞோரா வீட்டில் அத்தி கிடையாது. அவருடைய தாயார் தென்கிழக்கே உள்ள மொதிக்கா ஊரிலிருந்து மணமுடித்து வந்தவர்; தேன் கலந்த மாவும், வாதுமையும் சொக்கலேற்றும் செறிந்த உள்ளீடும் அத்தாயார் வழி வந்தவை. 'அத்தியில்லாத புச்செல்லாத்தியும் ஒரு புச்செல்லாத்தியா?' என்று அயல்வீட்டுப் பெண்கள் நகைப்பதுண்டு. சிஞ்ஞோரா அதனை ஒரு பொருட்டாகக் கொண்டதில்லை.

ஒரு விசுக்கோத்துக்குள் எத்தனை நாடுகள் அடங்கியிருக்கின்றன என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கும். இபிளேய மலைத் தேன் உரோமானியப் புலவர் காலத்திலேயே புகழ் பெற்றது. சீனி வருமுன் அத்தீவுக்கு இனிப்பென்றால் அதுதான். கரும்பையும் தோடம்பழத்தையும் பயிரிடக் கற்பித்தவர் அராபியர். அமெரிக்கக் கண்டத்துக் கொக்கோவைக் கொண்டுவந்தவர் சிசிலியை ஆண்ட ஸ்பானியர். மொதிக்காவில் இன்றும் கொக்கோவை அதிக சூடேற்றாமல் சீனியுடன் பிசைகின்றனர். ஆதலால் சீனி கரையாது பல்லில் நறநறக்கும். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அச்சொக்கலேற்றின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. கறுவாவைச் சொல்லவேண்டியதில்லை. முதன்முதலாக அலுமாரியைத் துடைத்த அன்று, ஒரு பொட்டலத்தில் 'சிலோன்' என்ற எழுத்தைக் கண்டு நெடுநேரம் அதனைக் கையில் வைத்திருந்தேன்.

சிஞ்ஞோராவுக்கு ஒரே மகன். 1960களில் தென்னித்தாலிய இளைஞர் கூட்டங்கூட்டமாக வடக்கே சென்ற காலத்தில், தொரீனோ நகரத்து மோட்டார்த் தொழிற்சாலைக்குப் போனவர், அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டார். ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் தாய் ஒரு தகரப்பெட்டி நிறைய விசுக்கோத்து அனுப்புவார். மகன் 'ஜந்தூயா' அனுப்புவார். அது ஹேசல் பருப்பை அரைத்துக் கலந்த சொக்கலேற். நெப்போலியன் 1806இல் ஆங்கிலேயர் வணிகத்தைத் தடைசெய்தபோது கொக்கோ கிடைத்தற்கரியதாகவே, தொரீனோவார் தங்கள் மலைச்சாரற் பருப்பைக் கலந்து ஈடுகட்டினர் என்பர். பஞ்சத்தில் பிறந்த பண்டம் பிறகு பெருமைக்குரியதாயிற்று.

எனக்கும் ஒரு தாய் பெட்டி அனுப்பினார். 1993இல் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி அடைபட்டிருக்க, மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடலேரியைத் தோணியிற் கடந்த நாட்கள் அவை. அவ்வழியே வந்த உறவினர் ஒருவர் கையில் அம்மா கொடுத்துவிட்ட பயற்றம் உருண்டை, கொழும்பில் கிடந்து என்னிடம் வந்து சேர்ந்தபோது முழுவதும் மாவாகிவிட்டிருந்தது. அதனைக் கரண்டியால் அள்ளி உண்டேன். பார்த்துக்கொண்டு நின்ற சிஞ்ஞோரா ஒன்றும் கேட்கவில்லை. தாமும் ஒரு கரண்டி கொண்டுவந்து எதிரே அமர்ந்தார்.

2004ஆம் ஆண்டளவில் வாதத்தினால் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கி, மாப் பிசைய இயலாதவரானார். அந்த டிசம்பரிலேதான் போறணைக்கு முன்னால் எனக்கு இடம் கிடைத்தது. அவர் நாற்காலியில் இருந்து சொல்வார், நான் செய்வேன். மா எவ்வளவு என்று கேட்டால் 'குவாந்தோ பாஸ்தா' என்பார். தேன் எவ்வளவு என்றாலும் அதே விடை. 'போதும் என்ற அளவு' என்பது அதன் பொருள். நம் ஊர்த் தாய்மாரும் 'காணுமட்டும் போடு' என்பார்களே, அதுதான். காணுமா காணாதா என்பதை அறிந்தவருக்கு அளவு வேண்டியதில்லை. அறியாதவருக்கு அச்சொல்லால் பயனில்லை.

ஓரத்தை மூடும்போது என் விரல்கள் தாமாகவே கொழுக்கட்டைக்குப் பல்லுப் பிடிப்பதுபோல் பிடித்துவிட்டன. சிஞ்ஞோரா அதைப் பிரிக்கச் சொன்னார். "என் மகன் பெட்டியைத் திறந்ததும் வேற்றுக்கை என்று கண்டுகொள்வான்" என்றார். அவர் வழக்கம், மாவை மடித்து ஒட்டி, மேலே சாய்வாக மூன்று கீறல் இடுவது. அவ்வாறே செய்தேன். அடுத்த ஆண்டு அவராகவே, "உன் விருப்பப்படி மூடு, அவனுக்குத் தெரியட்டும்" என்றார். மகன் தொலைபேசியில் என்ன சொன்னாரென்று நான் கேட்கவில்லை. கீறல் மூன்றையும் மட்டும் விடாமல் இட்டு வந்தேன். அது அழகுக்கன்று, ஆவி வெளியேறுவதற்கு.

2008இல் தொரீனோவிலிருந்து பேத்தி பேசினாள். பாட்டியிடம் செய்முறை கேட்டாளாம். எல்லாவற்றுக்கும் 'குவாந்தோ பாஸ்தா' என்ற விடைதான் கிடைத்ததாம். "ஸீயா, நீங்கள் எழுதித் தாருங்கள்" என்றாள். மாமிக்கும் சித்திக்கும் அவர்களிடம் அந்த ஒரு சொல்தான். ஒரு சிசிலிப் பெண்ணுக்கு அவள் குலத்துப் பலகாரத்தை யாழ்ப்பாணத்தவள் கற்பிப்பதா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. சிஞ்ஞோராவிடம் சொன்னேன். "கையை எழுத முடியுமா?" என்று முனகினார், பிறகு, "தராசு ஒன்று வாங்கிவா" என்று பணம் எடுத்துத் தந்தார்.

அவர் 'போதும்' என்ற இடங்களில் எல்லாம் நிறுத்து நிறுத்துக் குறித்தேன். கோதுமை மா 500 கிராம், வெண்ணெய் 150, தேன் 120, சீனி 50, முட்டை இரண்டு, அப்பச்சோடா அன்றி பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சிறிது உப்பு, தேசிக்காய்த் தோற் சீவல். பழைய வழக்கில் வெண்ணெய்க்குப் பதிலாகப் பன்றிக்கொழுப்பு. என் பொருட்டு அவர் அதை விட்டுக்கொடுத்திருந்தார். உள்ளீட்டுக்கு வறுத்து இடித்த வாதுமை 200 கிராம், அக்குரோட்டு 100, கறுப்புச் சொக்கலேற் 100, தேன் 150, தோடம்பழத் தோலும் இரண்டு மேசைக்கரண்டி சாறும், கறுவாத்தூள், கராம்பு இரண்டு. தேனைச் சாறுடன் இளஞ்சூடாக்கிப் பருப்புகளைக் கொட்டிக் கிளறி, நன்றாக ஆறிய பின்னரே சொக்கலேற் துண்டுகளைச் சேர்க்கவேண்டும். சூட்டில் சேர்த்தால் அது உருகி எல்லாம் ஒரே சேறாகிவிடும். கடிக்கும்போது துண்டு தட்டுப்படவேண்டும் என்பது சிஞ்ஞோராவின் கட்டளை. உள்ளீட்டை ஓரிரவாவது ஊறவிடுதல் நன்று.

போறணை 175 பாகை செல்சியஸில் ஏறத்தாழ இருபது நிமிடம். தேன் கலந்த மா விரைவில் சிவக்கும். ஆதலால் சூட்டைக் கூட்டலாகாது. தேன் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால், சுட்ட அன்றைவிட மூன்றாம் நாளே விசுக்கோத்து மென்மையாக இருக்கும். தொலைதூரப் பெட்டிக்கு இதைவிட ஏற்ற பலகாரம் அரிது என்பது என் கருத்து. பயற்றம் உருண்டைக்கு இந்த வலு இல்லை.

கறுவாவுக்கு மாத்திரம் அளவு குறிக்கவில்லை. தராசுத் தட்டில் வைத்தால் முள் அசையாத அளவு அது. சிஞ்ஞோராவும் ஒவ்வொரு முறையும் மணந்து பார்த்தே 'போதும்' என்பார். ஆகவே அவ்விடத்தில் 'காணுமட்டும்' என்று தமிழிலேயே எழுதி, அருகில் அவர்கள் சொல்லையும் எழுதினேன்.

அவ்வாண்டு நத்தாருக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொரீனோவிலிருந்து ஒரு தகரப்பெட்டி வந்தது. வழக்கமான ஜந்தூயா என்று எண்ணித் திறந்தேன். உள்ளே விசுக்கோத்துகள், ஓரம் கொஞ்சம் கருகி, கீறல்கள் கோணலாக. ஒன்றை எடுத்துச் சிஞ்ஞோராவின் கையில் வைத்தேன். அவர் மெல்ல மென்று, கண்ணை மூடி, மறுபடியும் ஒரு கடி கடித்தார்.

"கறுவா காணாது," என்றார்.

பிறகு அலுமாரியைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பொட்டலத்தில் எஞ்சியிருந்த பட்டைகளைக் கடிதாசியில் சுற்றிக்கொண்டு அன்று மாலையே தபாற்கந்தோருக்குப் போனேன்.