சந்தக்பூ ஏறும் கிழட்டு லேண்ட் ரோவர்கள்

மலை உச்சியின் மெல்லிய காற்றோடு மல்லுக்கட்ட, அறுபது எழுபது வயது வண்டிகளுக்குப் புது இதயம் தேவைப்படுகிறது. அதைப் பொருத்துவது லேசான வேலையல்ல.

டார்ஜிலிங்கிலிருந்து சுமார் 26 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மானேபஞ்சங். நேபாளியில் 'மானே' என்றால் பௌத்த ஸ்தூபி, 'பஞ்சங்' என்றால் மலைக் கணவாய். கடைத்தெருவில் நாலு எட்டு வைத்தால் நேபாளம் வந்துவிடும். இந்தச் சிற்றூருக்குப் பெயர் வாங்கித் தந்தவை ஸ்தூபிகளல்ல, விடிந்ததும் தெருவோரம் வரிசை கட்டி நிற்கும் பழைய லேண்ட் ரோவர்கள்.

பிரிட்டிஷ் தேயிலைத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்த வண்டிகள் இவை. துரைமார் ஊர் திரும்பியபோது விற்றுவிட்டுப் போக, மலைவாசிகள் வாங்கிக் கொண்டார்கள். லேண்ட் ரோவரின் 70வது ஆண்டான 2018ல், அந்த நிறுவனமே இவ்வூரைப் பற்றி ஒரு குறும்படம் வெளியிட்டது. அப்போது ஓடிக்கொண்டிருந்தவை சுமார் 40. பெரும்பாலானவை 1950களில் வந்தவை. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் லேண்ட் ரோவரின் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால்தான் இத்தனை மழையிலும் பனியிலும் தகடு துருப்பிடிக்காமல் நிற்கிறது. அடியில் இருக்கும் சேஸிஸ் எஃகு என்பதால், அதை மட்டும் அவ்வப்போது வெட்டி ஒட்டி வெல்டிங் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த வண்டிகளுக்கு உள்ள ஒரே பெரிய வேலை சந்தக்பூ போய்த் திரும்புவது. 31 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். சித்ரே, மேக்மா, டும்லிங் என்று ஏறி, கைரிபாஸில் சட்டென்று இறங்கி, காலிபோக்ரி வழியாக மறுபடி செங்குத்தாக ஏறும் பாதை. பல ஆண்டுகள் இது கருங்கல் பரப்பிய தடமாகவே இருந்தது. அண்மைக் காலத்தில்தான் பகுதி பகுதியாகக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். உச்சி 3,636 மீட்டர். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம். வானம் தெளிந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என உலகின் முதல் ஐந்து சிகரங்களில் நான்கு அங்கிருந்து தெரியும்.

பயணிக்கு இந்த உயரம் தரும் மூச்சுத் திணறல் எஞ்சினுக்கும் உண்டு. சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 64 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் தானாக இழுக்கும் காற்றை மட்டுமே நம்பியிருக்கிறது. காற்று குறைந்தால் சக்தியும் குறையும். லேண்ட் ரோவரின் பழைய 2.25 லிட்டர் டீசல் எஞ்சின் சமவெளியில் 62 குதிரைசக்தி தரக்கூடியது. உச்சியை நெருங்கும்போது அதில் சுமார் 40தான் மிஞ்சும். உள்ளே போகும் டீசல் குறையாமல் காற்று மட்டும் குறைவதால், எரியாத எரிபொருள் கரும்புகையாக வெளியேறும். கொண்டை ஊசி வளைவில் ஆட்களும் மூட்டை முடிச்சும் ஏற்றிய வண்டி அப்படித் திணறினால் ஓட்டுநரின் கையும் காலும் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

அசல் எஞ்சினுக்கு உதிரி பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பானதால், இங்குள்ள பல வண்டிகளின் மூடிக்கடியில் இன்று மஹிந்திரா டீசல் எஞ்சின் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேண்ட் ரோவரை 2008ல் விலைக்கு வாங்கியது டாடா மோட்டார்ஸ். அதன் போட்டியாளரான மஹிந்திராவோ 1940களில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி வளர்ந்த நிறுவனம். பம்பாயின் இரு வீட்டுச் சொத்தும் ஒரே வண்டியில் சமாதானமாக ஓடுகின்றன.

எஞ்சின் மாற்றும்போது டர்போ வகையாகவே மாற்றிவிட்டால் என்ன என்ற யோசனை இயல்பாக வருகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி சுழலும்; அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். இதுதான் டர்போ. மலையில் காற்று மெலிந்தாலும் இது ஈடுகட்டிவிடும். ஆனால் அமுக்கிய காற்று சூடாகும், சூடான காற்று விரியும், விரிந்தால் அமுக்கியதில் ஒரு பங்கு வீண். இன்டர்கூலர் என்பது இந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்னொரு ரேடியேட்டர். பொலேரோவில் வந்த 2,523 சிசி டர்போ, இன்டர்கூலர் எஞ்சினின் சக்தி 63 குதிரை. காகிதத்தில் பார்த்தால் பழைய லேண்ட் ரோவர் டீசலைவிட ஒரே ஒரு குதிரைதான் அதிகம். வித்தியாசம் முறுக்கு விசையில் இருக்கிறது: பழையதற்கு சுமார் 140 நியூட்டன் மீட்டர், இதற்கு 195. அதோடு உயரம் ஏற ஏற இது அவ்வளவாகச் சோர்ந்து போவதில்லை.

சிக்கல் பொருத்துவதில்தான். புது எஞ்சினையும் பழைய கியர்பாக்ஸையும் சேர்க்க, இரண்டின் துளைகளுக்கும் பொருந்தும் இடைத்தகடு கடைய வேண்டும். தண்டுகளின் மையம் மயிரிழை விலகினாலும் கிளட்ச் கெடும், கியர்பாக்ஸ் பேரிங் தேயும். எஞ்சினைத் தாங்கும் மவுன்டிங்கை சேஸிஸில் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். டர்போவுக்கு எண்ணெய் போகவும் திரும்பவும் தனிக் குழாய் தேவை. திரும்பும் குழாய் சரிவாக இறங்காவிட்டால் எண்ணெய் தேங்கி, சீல் வழியே கசியும். புகைக்குழாய் ஸ்டியரிங் பெட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வளைந்து போக வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலரை வைத்தால் ரேடியேட்டருக்கு வரும் காற்று குறையும். முதல் கியரில் நத்தை வேகத்தில் ஏறும் வண்டிக்கு எதிர்காற்றும் கிடையாது. எனவே விசிறியும் அதைச் சுற்றிய கூண்டும் சரியாக அமைந்தால்தான் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் பலவீனமான கண்ணி ஒன்று மிச்சம். பழைய லேண்ட் ரோவரின் பின் ஆக்சில் ஷாஃப்ட் முறிவதற்குப் பேர்போனது. கூடுதல் முறுக்கு விசை கடைசியில் இறங்குவது அதன் தலையில்தான். ஆத்திரப்பட்டுக் கிளட்சை விட்டால், ஷாஃப்ட் நடுவழியில் இரண்டாகும். எஞ்சினை வலுவாக்கிவிட்டு டிரம் பிரேக்கை அப்படியே விடுவதும் ஆபத்து. ஏறின மலையை இறங்கித்தானே ஆக வேண்டும்? டர்போவுக்கும் ஒரு குணம் உண்டு. எஞ்சின் மிக மெதுவாகச் சுற்றும்போது அது விழித்துக்கொள்வதில்லை. வளைவில் வேகத்தை அறவே விட்டால், அந்த நொடிக்கு அது டர்போ இல்லாத எஞ்சின்தான். புது காமன் ரெயில் எஞ்சின் என்றால் ஒயரிங், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து வரும். மேக்மா பனிமூட்டத்தில் ஒரு சென்சார் மக்கர் செய்தால் ஸ்பானரும் சுத்தியலும் உதவா. பழைய பம்ப் வகை எஞ்சினை மெக்கானிக்குகள் விரும்புவதற்கு இதுவே காரணம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எஞ்சின் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ.வின் அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்திலும் அது ஏற வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி பாதையில் விபத்துக்குள்ளானால் காப்பீட்டுத் தொகைக்கு வழக்காட வேண்டி வரலாம். பயணிகளை ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது தாங்காத அடி.

இதற்கிடையே கான்கிரீட் போட்ட பகுதிகளில் பொலேரோக்கள் சுலபமாக ஏறத் தொடங்கிவிட்டன. அவற்றில் டர்போவும் இன்டர்கூலரும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை, இருக்கையும் சொகுசு. லேண்ட் ரோவர்காரருக்கு மிச்சமிருக்கும் மூலதனம் வண்டியின் வயதுதான். அதைப் பார்க்கத்தான் பயணி வருகிறார். அசல் எஞ்சினோடு வைத்திருந்தால் காட்சிப் பொருளாக மதிப்பு கூடும், ஆனால் ஏற்றத்தில் திணறும். எஞ்சினை மாற்றினால் வருமானம் நிற்காது, ஆனால் பழமை கொஞ்சம் போகும். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் தேர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஓடாத வண்டி ஓரமாய் நின்று துருப்பிடிக்கும். ஓடுகிற வண்டிதான் வீட்டில் அடுப்பெரிய வைக்கும்.

சிங்காலிலா தேசியப் பூங்கா ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மூடப்படுகிறது. எஞ்சினை இறக்கி ஏற்ற அதைவிடத் தோதான காலம் கிடையாது. சந்தக்பூ போகிறவர்கள் அக்டோபர், நவம்பரில் போனால் சிகரங்கள் தெளிவாகத் தெரியும். ஏப்ரலில் போனால் ரோடோடெண்ட்ரான் பூத்துக் குலுங்கும். உச்சியில் வண்டி நின்ற பிறகும் ஓட்டுநர் எஞ்சினை ஒரு நிமிடம் அணைக்காமல் விட்டால் டீசலை வீணாக்குகிறார் என்று எண்ண வேண்டாம். மூடிக்கடியில் டர்போ இருக்கிறது, அதன் சூடு தணிய எண்ணெய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.