கழற்றும் முன் ஒரு கேள்வி

புதிதாக வந்திறங்கும் ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷினில், ஓட்டுவதற்கு முன் கட்டாயம் கழற்ற வேண்டிய பாகம் ஒன்று உண்டு. பின்பக்கத்தில் மூன்றோ நான்கோ நீண்ட போல்ட்டுகள். லாரியில் வரும் வழியில், ஸ்பிரிங்கில் தொங்கும் டப் ஆடி இடிக்காமல் அவை இறுக்கிப் பிடித்திருக்கும். கழற்றாமல் ஓட்டினால் ஸ்பின் வந்ததும் மெஷின் தரையில் நகர ஆரம்பிக்கும், பேரிங்குக்கும் கேடு. வீடு மாறும்போது அதே போல்ட்டுகளைத் திரும்ப மாட்ட வேண்டும். ஆகவே, "கம்பெனி போட்டதில் கை வைக்கக் கூடாது" என்பது மெக்கானிக் தொழிலுக்குப் போதுமான விதி அல்ல. "இடைஞ்சல் பண்ணுதா, கழற்றிப் போடு" என்பது அதைவிட மோசமான விதி. பாகத்துக்குப் பாகம் பார்த்து முடிவெடுப்பதில்தான் நல்ல மெக்கானிக்கும் மற்றவரும் பிரிகிறார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி வரும் புகார் தண்ணீர்தான்.

"தம்பி, தண்ணியே ஏற மாட்டேங்குது. பாதியிலேயே நின்னு கத்துது."

"டேங்க் எங்க இருக்குக்கா?"

"இதோ, தலைக்கு மேல மொட்டை மாடியிலதான்."

இந்தப் பதிலிலேயே பாதி விஷயம் வந்துவிடுகிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மெஷினுக்கு மூன்று மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார். பல மெஷின்களின் கையேடு கேட்கும் குறைந்தபட்ச அழுத்தமே அதை ஒட்டியோ அதற்கு மேலோதான். குறித்த நேரத்துக்குள் தண்ணீர் நிரம்பவில்லை என்றால் போர்டு பிழைக் குறியைக் காட்டி நிறுத்திவிடும்.

மெக்கானிக்கின் கை உடனே போவது இன்லெட் வால்வுக்கு. அதன் வாயில் ஒரு சிறிய பிளாஸ்டிக் வலை இருக்கும். பல வால்வுகளில் அதற்குப் பின்னால் நடுவில் துளையுள்ள ரப்பர் வாஷர் ஒன்றும் இருக்கும். அழுத்தம் கூடும்போது இந்த ரப்பர் நெளிந்து துளையைச் சுருக்கும், தண்ணீர் ஒரே அளவில் வரும். பிரஷர் பம்ப் வைத்த அடுக்குமாடிக்கும், குழாயில் நேரடியாகப் பல பார் அழுத்தம் வரும் ஊர்களுக்கும் அது தேவை. தலைக்கு மேல் தொட்டியுள்ள வீட்டில் அதற்குக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. வருகிற கொஞ்சத் தண்ணீரையும் அது தடுக்கிறது. அனுபவமுள்ளவர்கள் அதை யோசித்தே எடுக்கிறார்கள். பின்னாளில் அந்த வீட்டில் பிரஷர் பம்ப் வைத்தால் வாஷரும் திரும்ப வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வலையின் கதை வேறு. போர்வெல் மணல், பழைய இரும்புக் குழாயின் துரு, தொட்டியில் உதிரும் சிமென்ட், எல்லாம் அதில்தான் வந்து நிற்கின்றன. அதைப் பிடுங்கி எறிந்தால் தண்ணீர் அன்றைக்கே பாய்ந்து வரும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வில் ஊசித் துளை ஒன்று உண்டு. அதன் வழியே ஏறும் தண்ணீர் மேலிருந்து அழுத்துவதால்தான் வால்வு மூடுகிறது. ஒரு மணல் துகள் அந்தத் துளையை அடைத்தால் மின்சாரத்தை நிறுத்தினாலும் தண்ணீர் நிற்காது. மெஷின் அணைந்திருக்கும்போதே டப் நிரம்பி, வீடும் நனையும். குறடால் வலையை இழுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பச் செருக ஐந்து நிமிடம் ஆகாது. மணல் அதிகம் வரும் வீட்டில் குழாய்முனையில் இன்னொரு ஃபில்டரையும் சேர்ப்பதே முறை.

ஒரே வால்வில் இரண்டு பாகங்கள்: ஒன்றை எடுக்கலாம், மற்றதை எடுக்கக் கூடாது. பிரித்துச் சொல்வது ஒரே கேள்விதான். இந்தப் பாகம் எந்த நிலைமைக்காக வைக்கப்பட்டது, அந்த நிலைமை இந்த வீட்டில் இருக்கிறதா, இல்லையா?

இதே கேள்வியை டோர் லாக்கிடம் கேட்டால் பேச்சுக்கே இடமில்லை. 48 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஈரச் சேலை ஒன்று கையில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். பல மாடல்களில் லாக்கின் உள்ளே ஒரு சிறு ஹீட்டர் உலோகப் பட்டையைச் சூடாக்கி வளைப்பதால் கதவு பூட்டிக்கொள்ளும். துவைத்து முடிந்த பின் பட்டை ஆற ஓரிரு நிமிடம் ஆகும். அது தெரியாமல் கைப்பிடியை இழுத்து உடைத்துவிட்டு, "லாக்கே வேண்டாம், டைரக்ட் கொடுத்துடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. டாப் லோட் மூடியின் சுவிட்சுக்கும், செமி ஆட்டோமேட்டிக்கில் ஸ்பின் மூடியைத் திறந்ததும் பிடிக்கும் பிரேக்குக்கும் அதே வேண்டுகோள் வரும். குழந்தை இருக்கும் வீடு, இல்லாத வீடு என்று இதில் பேதம் பார்க்க முடியாது.

மிகவும் நுட்பமான இடம், "தொட்டா சுர்ருனு இழுக்குது" என்ற புகார். பவர் வயர் உள்ளே நுழையும் இடத்தில் நாய்ஸ் ஃபில்டர் என்ற சிறு பெட்டி இருக்கும். அதற்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குத் தலா ஒரு கெப்பாசிட்டர் போகிறது. அவற்றின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் எர்த்தில் இறங்குவது இயல்பு. வீட்டில் எர்த் இல்லாவிட்டால் அது இறங்க வழியில்லாமல், மெஷினின் உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் நிற்கும். ஈரக்காலோடு தொட்டால் சுரீர் என்கிறது. ஃபில்டரைக் கழற்றினால் சுரீர் நின்றுவிடும், எர்த் இல்லாத குறை மட்டும் அப்படியே இருக்கும். பின்னொரு நாள் ஹீட்டர் வெடித்தோ மோட்டார் காயில் கசிந்தோ முழு மின்சாரமும் உடலில் ஏறினால், குளியலறை ஈரத்தில் நிற்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பிளக் பாயிண்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்பவரே இங்கே சரியான மெக்கானிக். மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காக எர்த் வயரையே வெட்டிவிடுவது, ஃபில்டரைக் கழற்றுவதைவிடக் கொடியது.

போர்டில் வட்டமாக, மாத்திரை போல இருக்கும் எம்ஓவி இன்னொன்று. மின்னழுத்தம் எகிறும்போது அது ஷார்ட்டாகித் தன்னைப் பலி கொடுத்து, ஃபியூஸை எரித்துப் போர்டைக் காப்பாற்றும். கருகியதைக் கட் செய்துவிட்டு ஃபியூஸை மாற்றினால் மெஷின் ஓடத்தான் செய்யும். ஆனால் அடுத்த முறை மின்னழுத்தம் எகிறினால் அடிபடுவது போர்டு. எம்ஓவியின் விலை சில ரூபாய், போர்டின் விலை ஆயிரங்களில்.

டாப் லோட் மெஷினின் அடியில் வரும் எலித் தடுப்புத் தகட்டையும் சர்வீஸுக்குப் பின் பலர் திரும்ப மாட்டுவதில்லை. எலிக்கு வயர் பிடிக்கும்.

பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்காததே பல நேரம் "டைரக்ட்" கொடுக்கக் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பின்னும் முக்கிய உதிரிபாகங்கள் பத்து ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் திறந்தது. டோர் லாக்கும் வால்வும் பத்து ஆண்டுகள் கடையில் கிடைத்தால் மெக்கானிக் குறுக்கு வழி தேட வேண்டியதில்லை.

அதுவரை வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். வேலை முடிந்து மெக்கானிக் கிளம்பும்போது, கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது என்ன வேலை செய்தது, இனி அந்த வேலையை எது செய்யும் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால், அதைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.