கிளாஸ்கோ போன மணிப்பூர் போலீஸ்காரம்மா

எங்க பக்கம் விளையாட்டுன்னா ஹாக்கிதான். கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை மைதானமே இருக்கு, இந்திய அணிக்கே ஆள் அனுப்பின ஊர் அது. அப்படியிருக்க, ஒரு பாஞ்சாலங்குறிச்சிக்காரன் ஃபுட்பால் பத்தி, அதுவும் பெண்கள் ஃபுட்பால் பத்தி எழுதினா "உனக்கெதுக்குடே இந்த வேலை"ன்னு கேப்பீங்க. கேளுங்க. காரணம் பின்னாடி வருது :)

பாலா தேவின்னு ஒருத்தர். முழுப்பேர் ங்காங்கோம் பாலா தேவி. மணிப்பூர், பிஷ்ணுபூர் மாவட்டம். சின்ன வயசில் பையன்களோட சேர்ந்து பந்து உதைச்சு வளர்ந்தவர். பதினஞ்சு வயசிலேயே இந்திய அணிக்குள் வந்துட்டார். 2020 ஜனவரி கடைசியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி அவரோட 18 மாத ஒப்பந்தம் போட்டது. 10-ம் எண் சட்டை. ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆட ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியப் பெண்னு பேப்பரில் எல்லாம் வந்தது.

எனக்கு ஆச்சரியம் அந்தச் செய்தியில் இல்லை, அவர் வயசில். ஒப்பந்தம் போட்டப்போ 30 முடிய சில நாள்தான் பாக்கி. ஸ்ட்ரைக்கருக்கு 30-ன்னா நம்ம ஊரில் கோச்சாகப் போற வயசு. பதினஞ்சு வயசிலிருந்து முப்பது வரைக்கும் என்ன பண்ணினார்? மணிப்பூர் போலீஸில் வேலை பார்த்தார், போலீஸ் அணிக்கு ஆடினார். வேற வழி கிடையாது. நம்ம நாட்டில் பெண்களுக்கான தேசிய லீக்கின் முதல் சீசனே 2016-17-ல்தான். அப்போ அவருக்கு 26, 27 வயசு. அதுவரைக்கும் கோல் அடிச்சா கைதட்டு கிடைக்கும், சம்பளம் காக்கிச் சட்டைக்குத்தான்.

இடையில் நம்ம பெருமை ஒண்ணு. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த அந்த லீக்கின் இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸை 3-1-ன்னு ஜெயிச்சது மதுரையின் சேது எஃப்.சி. அந்த சீசனில் அதிக கோல் அடிச்சது யாருன்னு பார்த்தா, தோத்த பக்கத்து பாலா தேவிதான், 26 கோல். நம்மாளுங்க கோப்பையை எடுத்துக்கிட்டு வந்தாங்க, அவர் அடுத்த வருஷம் கிளாஸ்கோ போனார். கணக்கு சரியாப் போச்சு.

கிளாஸ்கோவுக்கு இந்தியக் கால் புதுசு இல்லை. 1936-ல் கல்கத்தாக்காரர் முகமது சலீம், ரேஞ்சர்ஸின் பரம எதிரியான செல்டிக் அணியில் ரெண்டு மேட்ச் ஆடியிருக்கார். பூட்ஸ் இல்லாமல், காலில் துணிக்கட்டு சுத்திக்கிட்டு! ஊர் ஞாபகம் தாங்காமல் திரும்பிட்டார். படிச்சப்போ எனக்கு எங்க ஊர்க் கரிசல்தான் ஞாபகம் வந்தது. கோடையில் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், பந்து உருண்டு போய் வெடிப்பில் உட்கார்ந்துக்கும். மழை பெய்தா காலுக்கு அரைக்கிலோ மண் ஒட்டும், பூட்ஸும் ஒண்ணுதான் வெறுங்காலும் ஒண்ணுதான். போதாக்குறைக்கு வேலிக்கருவை முள். வருஷத்துக்கு எத்தனை பந்து பஞ்சராகும்னு எங்க ஊர்ப் பசங்களைத்தான் கேக்கணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பாலா தேவி போய் இறங்கின நேரம் பாருங்க, மார்ச்சில் கொரோனா. லீக் நின்னுபோச்சு. அக்டோபரில்தான் மறுபடி ஆட்டம். டிசம்பர் 6-ம் தேதி மதர்வெல் அணியை ரேஞ்சர்ஸ் 9-0-ன்னு துவைச்ச மேட்ச்சில் அவரோட முதல் கோல் வந்தது. அடுத்து 2021-ல் முழங்கால் லிகமெண்ட் கிழிஞ்சது. 2021-22-ல் ரேஞ்சர்ஸ் பெண்கள் அணி தன் சரித்திரத்திலேயே முதல் முறையா லீக்கை ஜெயிச்சது. 14 வருஷம் தொடர்ந்து சாம்பியனா இருந்த கிளாஸ்கோ சிட்டியை இறக்கிட்டு. அந்த சீசனில் பாலா தேவி காலைத் தேத்திக்கிட்டு இருந்தார். 2022-ல் ஊர் திரும்பினார். கதை இதோட முடிஞ்சிருக்கணும். ஆனா 2023-ல் மறுபடி இந்திய அணியில் பேர் வந்தது. 33 வயசு!

இந்த லிகமெண்ட் சமாச்சாரம் பெண்களுக்கு ஆண்களைவிட ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருதுன்னு மருத்துவர்கள் சொல்றாங்க. ரேஞ்சர்ஸ் மாதிரி கிளப்பில் டாக்டர், பிசியோ எல்லாம் உண்டு. ஸ்கூல் அணியில் ஆடுற பொண்ணுக்கு? அயோடெக்ஸ்தான்.

ஸ்காட்லாந்துன்னா இதெல்லாம் எப்பவும் இருந்த இடம்னு நினைச்சுடாதீங்க. ரோஸ் ரெய்லின்னு ஒரு ஸ்காட்டிஷ் அம்மா. பொண்ணுங்களுக்கு அணியே இல்லாத காலத்தில், முடியை வெட்டி 'ராஸ்'னு பேர் மாத்திக்கிட்டு பையன்கள் அணியில் ஆடினவர். நல்லா ஆடுறானேன்னு செல்டிக் ஆள் வந்து பையனைக் கேட்டாராம்! 1973-ல் பிரான்ஸின் ரீம்ஸுக்குப் போனார், அப்புறம் இத்தாலி. அவர் கிளம்பினப்போ ஸ்காட்லாந்து சங்கம் பெண்கள் ஆட்டத்தை அங்கீகரிக்கவே இல்லை, மறு வருஷம்தான் மனசு வந்தது. 1984-ல் இத்தாலி சட்டையில் முண்டியலிட்டோ கோப்பையை ஜெயிச்சார். 2007-ல் அதே ஸ்காட்லாந்து அவரைத் தன் கால்பந்துப் புகழ் வரிசையில் சேர்த்தது. அந்தக் காலத்தில் அங்கேயிருந்து பொழைக்க வெளிநாடு போனாங்க, இப்போ அங்கே போய் நம்ம பொண்ணு ஆடிட்டு வர்றா.

பாலா தேவிக்கு அப்புறம் வாசல் கொஞ்சம் திறந்துது. பஞ்சாபின் மனீஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸின் அப்பல்லோன் அணிக்குப் போய் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடின முதல் இந்தியர் ஆனார். பிறகு கிரீஸின் பாவோக். அவர் போனப்போ வயசு 20. பத்து வருஷம் மிச்சமாகியிருக்கு.

இப்போ காரணம். என் சித்தி மகள் பத்தாங்கிளாஸ். விங்கில் ஓடுவா, இடதுகால். மாவட்ட செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. சித்தி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவங்க. "ஏலே, பந்து விளையாண்டா கஞ்சி ஊத்துமாலே? வயசுக்கு வந்த புள்ள டவுசரப் போட்டுக்கிட்டு..." இப்படி ஒரு மணி நேரம். அவங்க கேட்டதில் முதல் பாதி நியாயமான கேள்வி. அதுக்கு கிளாஸ்கோ பதில் ஆகாது, அது லட்சத்தில் ஒருத்தருக்கு.

நான் சொன்னது கடலூர் இந்துமதி கதிரேசன் பத்தி. இந்திய அணியில் ஆடினவங்க, நம்ம தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 லாக்டவுனில் சென்னை ரோட்டில் டூட்டி பார்த்தாங்க. பாலா தேவியும் போலீஸ்தான் சித்தின்னு ரெண்டு பேர் படத்தையும் போனில் காட்டினேன். கிளாஸ்கோ படத்தை ஒரு நொடி பார்த்துட்டுத் தள்ளிட்டாங்க. இந்துமதி யூனிஃபார்ம் படத்தைத்தான் ரொம்ப நேரம் பெருசாக்கிப் பார்த்தாங்க.

"எஸ்.ஐ.யா?"ன்னாங்க.

"ஆமா சித்தி."

"செலக்சன் என்னைக்கு?"

வர்ற சனிக்கிழமை. காலை ஆறே கால் பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறது நான். பூட்ஸ் இன்னும் வாங்கலை, சைஸ் 5, யார்கிட்டயாவது பழசு இருந்தா சொல்லுங்க மக்கா.