தெவசத்தன்று முருங்கைக்காய் சாம்பார்

கொலைக் கதைக்குள் சமையல்கட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இத்தாலிய எழுத்தாளர் கமில்லேரியின் மொந்தல்பானோ, மீனை ருசிக்கும் நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முகம் சுளிப்பார். டார்க்வின் ஹாலின் டில்லித் துப்பறிவாளர் விஷ் பூரி, வீட்டுக்குத் தெரியாமல் பக்கோடா தின்பார். கதையோடு ஒட்டாவிட்டால் இதெல்லாம் வெறும் தாளிப்புதான். நம் சங்கர்லால் குடித்துத் தீர்த்த டீயும் அந்தக் கணக்கில்தான் சேரும். தமிழ்வாணன் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ஆனால் சாப்பாடே துப்பாகிவிட்டால் கேள்விக்கு இடமில்லை. மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். “நேத்து மத்தியானம் அங்கதான் இருந்தேன், முருங்கைக்காய் சாம்பார் பிரமாதம்” என்கிறான் ஒருவன். நேற்று அந்த வீட்டில் தெவசம். பாகற்காயும் வாழைக்காயும் பிரண்டைத் துவையலும் இலையில் விழுந்திருக்கும், காரத்துக்கு மிளகு; முருங்கைக்காய் அடுக்களைப் பக்கமே வந்திருக்காது. கைரேகை நிபுணருக்குப் பிடிபடாத பொய் அடுத்த வீட்டு மாமிக்குப் பிடிபட்டுவிடும்.

சாவில் என்ன சிரிப்பு என்பது அடுத்த கேள்வி, இது கனமானது. கொலை வழக்கில் சரவண பவன் நிறுவனர் ராஜகோபாலின் ஆயுள் தண்டனையை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சென்னையின் பெரிய ஓட்டல் பெயரும் கொலையும் நிஜத்தில் சேர்ந்த வழக்கு அது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை, அதை லேசாக எழுதுவதும் தகாது. நல்ல வேடிக்கைத் துப்பறியும் கதை செத்தவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை, துப்பறிகிறவரின் மேதாவித்தனத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. தேவன் 1942இல் ஆனந்த விகடனில் இதைச் செய்துகாட்டிவிட்டார். வங்கி குமாஸ்தாவான சாம்பு அசட்டுத்தனமாக எதையோ செய்யப்போவார், குற்றவாளி தானே வந்து மாட்டுவான், மாலை சாம்புவுக்கு விழும்.

ஊர்மணம் என்ற பெயரில் ஒரே சாதியின் அடுக்களையை ஊராகக் காட்டிவிடும் ஆபத்து இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான். மயிலாப்பூர் என்றதும் டிகிரி காபியோடு நின்றுவிடுகிற எழுத்தாளர் பாதி ஊரைத் தொலைத்துவிட்டார். கபாலி கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் நொச்சிக்குப்பம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். மே மாதம் விசைப்படகில் மீன் பிடிக்கப் போயிருந்தேன் என்று ஒருவன் சாதித்தால், மாமியும் இன்ஸ்பெக்டரும் தலையாட்டிக்கொண்டு குறித்துக்கொள்ளலாம். கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மா நம்ப மாட்டார்.