முதலில் காற்று, பிறகு துளி

திருப்பதிக்கு அருகே காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடார் ஒன்று இருக்கிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1024 ஜோடி யாகி ஆன்டெனாக்கள். மழை நேரத்தில் அதன் கற்றையை நேர் மேலே நிறுத்தி டாப்ளர் நிறமாலையைத் திரையில் பார்ப்பது எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. ஒரே உயரத்தில் இரண்டு முகடுகள் எழும். சுழிய வேகத்தை ஒட்டி நிற்பது காற்று. நொடிக்கு ஆறேழு மீட்டர் தள்ளி நிற்பது மழை. அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கு மேல் இருப்பதால்தான் இரண்டும் சேர்ந்து தெரிகின்றன. அலைநீளம் குறையக் குறைய, துளிகளின் எதிரொலி ஓங்கிக் காற்றை மறைத்துவிடும்.

அந்தக் காற்று முகடு அவ்வளவு முக்கியமா? ஆம், துளிகளின் அளவைக் கணக்கிட அது வேண்டும். அசைவற்ற காற்றில் 2 மி.மீ. துளி நொடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில் விழும், 1 மி.மீ. துளிக்கு 4 மீட்டர்தான். வேகம் தெரிந்தால் விட்டம் தெரிந்துவிடும். ஆனால் மேகத்துக்குள் காற்று சும்மா இருப்பதில்லை. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அது மேலெழுந்தாலே 2 மி.மீ. துளி ஒன்றரை மி.மீ. துளி போலத் தோன்றும். எதிரொலியின் வலிமையோ விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. எனவே அதே எதிரொலிக்குக் கணக்கிடும் துளிகளின் எண்ணிக்கை ஐந்து மடங்குக்கு மேல் கூடுதலாக வந்து நிற்கும். விட்டத்தில் அரை மி.மீ. பிசகு, கணக்கே தலைகீழ்!

94 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் காற்றுக்கென்று தனி முகடு கிடைக்காது. அங்கே வேறொரு வழி உண்டு. 1988-இல் ரோஜர் லெர்மிட் காட்டியது. அலைநீளம் 3.2 மி.மீ. மட்டுமே என்பதால், ஏறத்தாழ 1.7 மி.மீ. துளிகள் மிகக் குறைவாகவே அலையைத் திருப்பி அனுப்புகின்றன. நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. தரைமட்டக் காற்றழுத்தத்தில் அது நொடிக்குச் சுமார் 5.9 மீட்டரில் இருக்க வேண்டும். எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதுவே காற்றின் வேகம். துளி தன் அளவைத் தானே சொல்லிவிடும் இந்த உத்தியை விட அழகான ஒன்றை இந்தத் துறையில் நான் கண்டதில்லை. காற்று மிகவும் கலங்கியிருந்தால் பள்ளம் தூர்ந்துபோகும். பெரிய துளிகளே இல்லாத தூறலில் அது தோன்றவே தோன்றாது.

மற்ற திருத்தங்களும் உண்டு. உயரே காற்று அடர்த்தி குறைவு, துளி வேகமாக விழும். கற்றை 1 டிகிரி சாய்ந்திருந்தால், நொடிக்கு 10 மீட்டர் கிடைக்காற்று 0.17 மீட்டர் பொய்வேகத்தைச் சேர்த்துவிடும். பனிக்கட்டி உருகும் அடுக்குக்கு மேலே, வேகத்திலிருந்து விட்டத்தைக் காணும் இந்த முறை செல்லாது.

இத்துறைக்கு வரும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துளி அளவை அட்டவணையில் போடும்போது, அதே உயரத்தின் காற்று வேகத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். மூல நிறமாலையை அழிக்காமல் வைத்திருங்கள்.