கடைக்கு வெப்சைட் போடப் போறீங்களா? முதல்ல இதைக் கேளுங்க: "சாவி யார்கிட்ட இருக்கும்?"

சொந்தமாகச் சிறு தொழில் செய்கிறீர்களா? கடைக்கு ஒரு வெப்சைட் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா?

அப்படியென்றால் இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வாங்க.

"டாக்டருக்கு வெப்சைட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு வெப்சைட் செய்யத் தெரியாது. அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பிபி நோயாளிகளை மாதாமாதம் பார்ப்பவன் நான். மாத்திரையை ஒழுங்காகப் போடும் ஒருவருக்கு பிபி திடீரென்று ஏறினால், ஏன் என்று தேடுவது என் வேலை. அப்படித் தேடப்போய்த் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொற்றா நோய் பிரிவுக்கு ஓர் அக்கா வருவார். (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர் வேண்டாம்.) வீட்டிலேயே ஊறுகாய், இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தல் போட்டு விற்பவர். நாலு பெண்கள் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். ஒரு வருடமாக 130/80-ஐ ஒட்டியே இருந்த பிபி, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு 170/100. அரை மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். பெரிதாக இறங்கவில்லை.

"மாத்திரையை விட்டுட்டீங்களா அக்கா?"

"ஒரு வேளை கூட விடல டாக்டர்."

"உப்பு?"

"ஊறுகாய் போடுறவ ஊறுகாய் தொட்டுக்கிறதே இல்ல. நீங்கதானே சொன்னீங்க."

"தூக்கம்?"

கண் கலங்கிவிட்டது. "தூங்கிப் பத்து நாள் ஆச்சு டாக்டர். எங்க வெப்சைட் போயிருச்சு."

நடந்தது இதுதான். மூன்று வருடம் முன்பு, தெரிந்த ஒரு தம்பி 15,000 ரூபாய்க்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறார். நன்றாகவே செய்திருக்கிறார். வெளியூர் ஆர்டர் பெரும்பாலும் அதில்தான் வந்தது. வருடா வருடம் "ரெனிவல்" என்று அவர் சொல்லும் தொகையை அக்கா ஜிபேயில் அனுப்பிவிடுவார். பிறகு அந்தத் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. நம்பர் மாறியது. ரெனிவல் தேதி வந்தது, போனது.

வெப்சைட் முகவரி வாங்கியிருந்தது தம்பியின் கணக்கில், தம்பியின் இமெயிலில். பணம் கட்டச் சொல்லி நினைவூட்டும் மெயில் எல்லாம் அவருக்குத்தான் போகும். அக்காவுக்கு ஒன்றும் வராது. ஒருநாள் காலையில் கஸ்டமர் ஒருவர் போன் செய்து, "என்னங்க, உங்க சைட்டைத் திறந்தா வேற என்னமோ வருது" என்று சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்திருக்கிறது.

அந்த முகவரி அச்சிட்ட 4,000 லேபிள் தீபாவளிக்காக வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. ஆர்டர் வரும் இமெயிலும் அதே முகவரியில் ஓடியதால் அதுவும் நின்றுவிட்டது. கூகுள் மேப்பில் கடையின் பக்கமும் தம்பியின் ஜிமெயிலில்தான் இருந்தது.

அந்தத் தம்பி மோசடிக்காரர் இல்லை. அக்காவும் விவரம் இல்லாதவர் இல்லை. முதல் நாள் "இது யார் பேர்ல இருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. அவ்வளவுதான்.

மாத்திரையின் அளவைக் கூட்டினேன். பிறகு, ஐடியில் இருக்கும் என் கல்லூரி நண்பனின் தம்பியிடம் போனில் பேசினேன். அவன் எனக்குப் புரியும்படி சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வெப்சைட் என்பது ஒரு பொருள் இல்லை. மூன்று பொருட்கள்.

டொமைன்: உங்கள் கடையின் முகவரி.
ஹோஸ்டிங்: கடை இருக்கும் வாடகைக் கட்டடம்.
டிசைன்: கட்டடத்துக்குள் செய்த அலமாரி, பெயிண்ட், போர்டு.

அலமாரியை மாற்றலாம். வேறு கட்டடத்துக்குக் குடிபோகலாம். முகவரி போனால் மட்டும் கஸ்டமருக்கு வழியே தெரியாது. அந்த முகவரியையும் யாரும் நிரந்தரமாக விலைக்கு வாங்க முடியாது. டாட் காம் என்றால் ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் பதிய முடியும். பிறகு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். செலவு பொதுவாக வருடத்துக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான்.

காலாவதி ஆன அன்றே பெயர் கைமாறிவிடுமா? பொதுவாக இல்லை. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, விற்ற நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் தனிக் கட்டணம். அதுவும் முடிந்தால் 5 நாளில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இடையிலேயே ஏலத்தில் விடும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் எந்தக் கட்டத்திலும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரால்தான் புதுப்பிக்க முடியும். அக்கா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் யாரிடமும் கட்ட முடியாது.

கடைசியில் தம்பியின் உறவினர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் மூலமாகத் தம்பியையும் பிடித்தார்கள். அவர் பதறிப்போய் அன்றே பணம் கட்டி, முகவரியை அக்காவின் கணக்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். செலவு ஆயிரத்துச் சொச்சம். வேலையும் சில நிமிடம்தான். ஆனால் அதற்குள் தீபாவளி முடிந்திருந்தது. நாலு பெண்களில் இரண்டு பேருக்கு அந்த மாதம் அக்காவால் வேலை கொடுக்க முடியவில்லை.

இப்போது எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு விதியைச் சொல்கிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். என் மீது நம்பிக்கை போனாலும், நான் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போனாலும், அந்தப் பதிவுகளை வைத்து அடுத்த டாக்டர் வைத்தியத்தைத் தொடரலாம்.

வெப் டிசைனருக்கு அப்படிக் கவுன்சில் கிடையாது. பதிவு எண் கிடையாது. அந்த 72 மணி நேர விதியை நீங்களே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் டிசைனரைத் தேர்ந்தெடுக்கும்போது, "எவ்வளவு அழகாகச் செய்வார்?" என்பதோடு, "நாளைக்கு இவர் இல்லாவிட்டால் என் கடை நடக்குமா?" என்றும் பாருங்கள்.

கேட்க வேண்டியவை:

1. டொமைன் யார் பெயரில்?

உங்கள் பெயர், உங்கள் இமெயில், உங்கள் செல் நம்பர். முடிந்தால் நீங்களே வாங்கிவிடுங்கள். ரயில் டிக்கெட் போடத் தெரிந்தால் இதுவும் வரும். வாங்கிய பிறகு டிசைனருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் இமெயில், அதே டொமைனில் ஓடும் இமெயிலாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும், பாஸ்வேர்டை மீட்கக்கூட முடியாது.

2. "நாம் பிரிய வேண்டி வந்தால் எனக்கு என்னென்ன தருவீங்க?"

சங்கடப்படாமல் கேளுங்கள். நல்ல டிசைனர் இதற்குக் கோபப்பட மாட்டார். வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளில் செய்தால், நாளைக்கு வேறு ஒருவர் தொடர முடியும். அவரே வைத்திருக்கும் தனி சிஸ்டத்தில் செய்தால், அவர் போகும்போது அதுவும் போகலாம். காசு கொடுத்துச் செய்யச் சொன்னாலே எல்லாம் நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளி ஆள் உருவாக்கிய வடிவமைப்பின் உரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை பொதுவாக அவருடையதுதான். எழுதி வாங்கும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு பக்க ஒப்பந்தம், அதில் "நிரந்தரமாக" என்ற வார்த்தை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கையில் ஒரு பேக்கப். இது போதும்.

3. வருடச் செலவைப் பிரித்து எழுதிக் கொடுங்கள்.

டொமைன் எவ்வளவு, ஹோஸ்டிங் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு என்று தனித்தனியாக. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் சேரும். வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால், ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

4. பழைய கஸ்டமர் மூன்று பேரின் நம்பர்.

"நல்லா செஞ்சாரா?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா செஞ்சார்" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா விலையை மாத்தச் சொன்னப்ப எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். அவர்களுடைய வெப்சைட்டை உங்கள் போனில், வைஃபை இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் நின்று திறந்து பாருங்கள். உங்கள் கஸ்டமரும் அப்படித்தான் பார்க்கப் போகிறார்.

5. அவர் உங்களிடம் என்ன கேட்கிறார்?

நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரை எழுதும் டாக்டரிடம் போவீர்களா? யார் வாங்குகிறார்கள், ஆர்டர் போனில் வருமா வாட்ஸ்அப்பில் வருமா, விலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், போட்டோ யார் எடுப்பது... இதையெல்லாம் கேட்கிறவர்தான் உங்களுக்கான ஆள். "உங்களுக்கு இப்போதைக்கு வெப்சைட்டே வேண்டாம், கூகுள் மேப்பில் கடையைப் பதிஞ்சா போதும்" என்று சொல்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அந்தப் பதிவு முழுக்க இலவசம். ஆனால் அங்கேயும் முதன்மை உரிமையாளர் நீங்கள், டிசைனர் மேனேஜர். மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

6. "கூகுள்ல முதல் இடம் கேரண்டி" என்கிறாரா?

எழுந்து வந்துவிடுங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. "நூறு சதவீதம் குணமாகும், கேரண்டி" என்று போர்டு போடுபவரைப் பற்றி நான் என்ன சொல்வேனோ, அதேதான் இதற்கும்.

7. உள்ளே என்ன எழுதப் போகிறார்?

இது டாக்டராக நான் கெஞ்சிக் கேட்பது. உணவுப் பொருள் விற்பவர்களுக்கு வெப்சைட் செய்யும்போது, அழகுக்காக "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்", "பிபியை அடியோடு விரட்டும்" என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். கடைக்காரர் பல நேரம் அதைப் படிப்பதே இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 53-ஆவது பிரிவுப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள். அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் புண்ணோடு ஓபிக்கு வருபவர்களை நான் பார்க்கிறேன். உங்கள் பொடி ருசியாக இருக்கிறது என்று எழுதுங்கள். நோயைக் குணமாக்கும் என்று எழுதாதீர்கள்.

அதற்குப் பதிலாகப் போட வேண்டியவை: பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், கடையின் முறையான பெயர், முழு முகவரி, போன் நம்பர், புகார் வந்தால் யாரிடம் பேசுவது என்ற விவரம். ஆன்லைனில் விற்பவர்களுக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் பெயர், முகவரி, புகார் அலுவலர் விவரம் எல்லாம் கேட்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்கின்றன.

"இவ்வளவும் கேட்டால் அந்தத் தம்பி ஓடிடுவார் டாக்டர்" என்கிறீர்களா?

ஓட மாட்டார். சின்ன ஊர்களில் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தால் அவர்களுக்கும் நிம்மதிதான். வெளிநாடு போன பிறகும் பழைய கஸ்டமரின் ரெனிவல் தேதியைத் தலையில் சுமக்க யாருக்குத்தான் ஆசை?

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்று இரவே மூன்று விஷயம் பாருங்கள்.

டொமைன் கணக்குக்குள் உங்களால் நுழைய முடிகிறதா?
அது காலாவதியாகும் தேதி என்ன?
கூகுள் மேப் பக்கத்தின் முதன்மை உரிமையாளர் யார்?

மூன்றில் ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை என்றாலும், செய்து கொடுத்தவருக்கு நாளைக்கே ஒரு போன் போடுங்கள். சண்டை போட வேண்டாம். "தம்பி, கணக்கை என் பேருக்கு மாத்திக் குடுத்துடுப்பா" என்று தன்மையாகக் கேளுங்கள். அவர் போனை எடுக்கும் காலத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தொழில் செய்யும் உங்கள் அக்கா, அண்ணன், சித்தி, மாமா யாராவது இருந்தால் இந்த இழையை அனுப்பி வையுங்கள். அப்படியே பிபியும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.